வேலையில் சேரட்டும், ஆனால் இதைக் கேட்டுவிட்டு

அன்புள்ள சார்,

எம்.ஏ. பொருளாதாரம் முடித்த உங்கள் மகளுக்கு இங்கே டெல்லியிலேயே ஒரு டெவலப்மென்ட் கன்சல்டிங் நிறுவனத்தில், அதாவது வளர்ச்சித் திட்டங்களுக்கு ஆய்வு செய்து ஆலோசனை அறிக்கை கொடுக்கும் நிறுவனத்தில், வேலை கிடைத்திருக்கிறது. சேர்க்கலாமா, யூபிஎஸ்சிக்கே படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதையே கேட்கின்றன. யூபிஎஸ்சியைப் பொதுப் பிரிவினரே 32 வயது வரை எழுதலாம், அதற்கு அவசரமில்லை. சேரட்டும். ஆனால் சம்பளத்தையும் வெளிநாட்டுப் பயணத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்தத் தொழிலில் பணம் கொடுப்பவர் ஒருவர், பலனையோ பாதிப்பையோ சுமப்பவர் வேறொருவர். உலக வங்கியோ ஒரு அரசோ பணம் கொடுக்கும். அறிக்கையின் விளைவு எங்கோ ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேரும். ஒப்பந்தத்தில் அந்தக் கிராமம் கையெழுத்துப் போடுவதில்லை.

வங்கதேசத்தில் 1970-களில் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். யூனிசெஃப் போன்ற அமைப்புகள் நல்ல எண்ணத்தோடுதான் குழாய்க் கிணறுகள் போட உதவின. அந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பது 1993-இல்தான் அங்கே தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு மையம் அங்குள்ள நிலத்தடி நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்திருந்தது. பல தனிமங்களைத் தேடியவர்கள் ஆர்சனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்ட கிராமத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் வழக்குத் தொடர்ந்தார். அவருக்கும் ஆய்வாளர்களுக்கும் சட்டப்படி கடமைப்பட்ட உறவு ஏதுமில்லை என்று சொல்லி 2006-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளிவிட்டது.

சட்டம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, சார். அதற்கு மேல் கன்சல்டன்ட்டின் மனசாட்சிதான் வேலை செய்ய வேண்டும். அதனால் உங்கள் மகள் நிறுவனத்திடம் நேராகவே கேட்கட்டும்: டிஓஆரில் (என்ன வேலை செய்ய வேண்டும் என்று கிளையன்ட் எழுதிக் கொடுக்கும் வரையறையில்) இல்லாத ஒரு ஆபத்தைக் களத்தில் பார்த்தால் அதை எங்கே எழுதுவது? கிளையன்ட்டுக்குப் பிடிக்காத முடிவு வந்தால் அதை மாற்றச் சொல்வீர்களா? பதில் வழவழா என்று வந்தால், அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, புதிதாகச் சேருபவர்களை அடிக்கடி சிக்கவைப்பது. டெண்டருக்கு நிபுணர்களின் பயோடேட்டாக்களை இணைப்பார்கள். அனுபவத்தில் இரண்டு வருஷம் கூட்டிப் போடச் சொல்வது, வராத நிபுணரின் பெயரைச் சேர்ப்பது எல்லாம் அங்கே நடப்பவைதான். உலக வங்கி விதிப்படி இது மோசடி. நிறுவனங்களை மட்டுமல்ல, தனிநபர்களையும் அது தடை செய்கிறது. அந்தப் பட்டியல் அதன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. 2010 முதல் ஆசிய வளர்ச்சி வங்கி உட்பட ஐந்து வளர்ச்சி வங்கிகள் ஒன்றின் தடையை மற்றவையும் ஏற்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் பெயர் உலக வங்கியின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், உங்களிடமே ஒரு வேண்டுகோள். இந்தத் துறையில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காண்டிராக்ட்டில்தான் வரும். வீட்டுக் கடனின் இஎம்ஐ அவள் சம்பளத்தை நம்பி ஓடினால், புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயத்திலேயே ஒரு பெண் தவறான அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். முதல் இரண்டு வருஷம் அந்தச் சுமையை அவள் மேல் ஏற்றாதீர்கள். "பிடிக்கலைன்னா விட்டுட்டு வா, பாத்துக்கலாம்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாது என்று சொல்லும் தைரியம் அவளுக்கு அதில்தான் வரும்.

ஆஃபர் லெட்டரில் ரகசியக் காப்பு விதி ஒன்று இருக்கும். களத்தில் பார்த்த ஆபத்தைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்ற அளவுக்கு அது போகிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.