தண்டு பருக்காத இச்சி: போன்சாய்த் தொட்டி எப்போது?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் ஒரு கொண்டோமினியத்தில் வசிக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் சுங்கை பூலோ நர்சரி ஒன்றில் ஓர் இச்சிக் கன்றும் (ஆல், அத்தி இனத்து மரம்) ஒரு ஷுய் மெய் கன்றும் (வெள்ளைப் பூக்கள் தொங்கும் சிறுமரம்) வாங்கி, மறுநாளே ஆழமில்லாத போன்சாய்த் தொட்டிகளில் நட்டேன். இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனால், தண்டுகள் வாங்கியபோது இருந்த கட்டைவிரல் பருமனிலேயே நிற்கின்றன. உரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: உரத்தை மாற்றிப் பயனில்லை, தொட்டியை மாற்றுங்கள். இலைகள் தயாரிக்கும் உணவைக் கொண்டுதான் மரம் தன் பட்டைக்கு அடியில் புதிய கட்டையை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பருக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் வேர் பரவ இடமில்லை. வேர் அடங்கினால் தளிர் அடங்கும், தளிர் அடங்கினால் இலையும் குறையும். வடிவம் கெடக் கூடாது என்று நீங்கள் அவ்வப்போது நுனியையும் கிள்ளியிருப்பீர்கள். உருவாகி முடிந்த மரத்தை அதே அளவில் வைத்திருக்கவே அந்தத் தொட்டி பயன்படுகிறது. உங்கள் கன்றுகளோ இன்னும் உருவாகத் தொடங்கவே இல்லை.

நிலத்தோடு கூடிய தாமான் வீட்டில் குடியிருக்கும் உறவினர் யாராவது வேலியோரம் இரண்டடி இடம் தந்தால், இரண்டையும் அங்கே மண்ணில் நட்டுவிடுவதே சிறந்த வழி. இல்லையென்றால், சுற்றிலும் துளைகள் உள்ள ஆழமான பிளாஸ்டிக் கூடை போதும். துளை வழியே எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய, உள்ளே பக்க வேர்கள் கிளைவிடுவதால், வேர் தொட்டிக்குள் வட்டமடிக்கும் தொல்லையும் இராது. மாற்றி நடும்போது பழைய மண்ணை உதிர்த்து, நர்சரிப் பையில் சுருண்டு கிடந்த வேர்களை நேராக்கி, கீழ்நோக்கிப் போகும் தடித்த வேரை வெட்டிவிடுங்கள். இச்சி பாதி வேர் போனாலும் தாங்கும். ஷுய் மெய் கன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்க வேண்டாம். அடியில் ஒரு தரை ஓடு வைத்து, அதன் மேல் வேர்களை விசிறிபோல் பரப்பி நட்டால், பின்னாளில் மரத்தின் அடிப்பாகம் நிலத்தைப் பற்றி நிற்பதுபோல் அகன்று தெரியும். கோலாலம்பூரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதால், பையிலுள்ள ஒட்டும் செம்மண்ணை மீண்டும் பயன்படுத்தாமல், தூள் சலித்த செங்கல் துண்டுகளையோ பியூமிஸ் எனும் நுரைக்கல்லையோ மூன்று பங்கும் தென்னை நார்த்தூளை ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள்.

அதன்பின் செய்ய வேண்டியது, கத்தரியை எடுத்து ஒளித்து வைப்பதுதான். கிளைகள் தாறுமாறாக நீண்டு, வீட்டார் முகம் சுளித்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகள் வளரவிடுங்கள். பால்கனியில் நேர்வெயில் குறைவு என்றால் இன்னும் ஓர் ஆண்டு கூடும். பிறகு வெட்டும் வேளை வரும்போது, வசந்தகாலத்தில்தான் வெட்ட வேண்டும் என்று ஜப்பானிய நூல்கள் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. இங்கே குளிர்கால உறக்கம் இல்லை, மரம் புதுத்தளிர் விட்டுக்கொண்டிருக்கும் எந்த மாதமும் வெட்டுவதற்கு ஏற்றதே. குளிர்கால உறக்கம் தேவைப்படும் ஜப்பானிய மேப்பிளை இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

அடித்தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் வந்ததும் கணக்கு தொடங்குகிறது. மரத்தின் உயரம் அடிப்பருமனைப் போல் ஆறு மடங்கு இருப்பது பொதுவான அளவு. எனவே இறுதி உயரம் 30 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது சுமார் 10 சென்டிமீட்டரில், தண்டைத் துணிந்து வெட்டுங்கள். மனம் பதறும், ஆனால் திடமாக வளர்ந்த இச்சியும் ஷுய் மெய்யும் வெறும் கட்டையிலிருந்தே துளிர்க்கும். இச்சியில் பால் வடியும். துடைத்துவிட்டுக் காயத்துக்கான பசையைப் பூசுங்கள். துளிர்களில் ஒன்றை மட்டும் புதிய தலையாகத் தேர்ந்து, அது அடித்தண்டின் பருமனில் பாதிக்கு மேல் வரும்வரை வளர்த்து, மறுபடி வெட்டுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால்தான் அடி பருத்து நுனி மெலியும் அந்த முதிய மரத் தோற்றம் கிடைக்கும். கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றும் வேலை அதற்குப் பிறகு. அலுமினியக் கம்பியை வாரந்தோறும் பாருங்கள், ஏனெனில் நம் வெப்பத்தில் இச்சிக் கிளை ஓரிரு மாதங்களிலேயே பருத்து, கம்பி பட்டைக்குள் பதிந்துவிடும்.

இச்சி இலைகள் மடிந்து ஒட்டிக்கொண்டால், உள்ளே இலைப்பேன் இருக்கும். மருந்தைத் தேடாமல் அவ்விலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். ஷுய் மெய்யில் இலைகளை உருவினால் சில வாரங்களில் பூக்கள் சரம்போல் தொங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் தண்டு பருக்கும் வரை அந்த ஆசை வேண்டாம்.

எப்படியும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே ஆழமில்லாத தொட்டி தேவைப்படும். அப்போது அடித்தண்டின் பருமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழமுள்ள தொட்டியாகப் பாருங்கள். இப்போதுள்ள இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கூடைக்கு அடியில் நீர் ஏந்தும் தட்டாக மட்டும் வைத்துவிடாதீர்கள், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே பெருகிவிடும்.