டாஸில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்ததா?

"எம்.எஸ்.டாஸ் காலத்தில் ஒரே சமயத்தில் பல நிரல்களை இயக்க முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்று எங்கோ படித்துவிட்டு, அதை நம்பலாமா என்ற ஐயத்தில் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் அந்தப் பழைய இயக்குதளம் ஓடிய கணினிகளில் சம்பளப் பட்டியல் தயாரித்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓரளவு முடிந்தது.

எங்கள் அலுவலகத்தில் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள நிரல் ஓடியது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பட்டியலை அடித்து முடிக்கும்வரை திரை நம் கைக்கு வராது. ஆகவே அறிக்கையை நேரே பிரிண்டருக்கு அனுப்பாமல் ஒரு கோப்பில் எழுதவைத்து, அந்தக் கோப்பை டாஸின் பிரிண்ட் கட்டளையிடம் ஒப்படைத்துவிடுவேன். 1983இல் வந்த டாஸ் 2.0 முதலே அந்தக் கட்டளை உண்டு. வேறெதுவும் சொல்லாவிட்டால் 10 கோப்புகள்வரை வரிசையில் வைத்துக்கொண்டு பின்னணியில் அச்சிடும். அதை டிபேஸுக்குள்ளிருந்து முதன்முறையாக அழைக்கக் கூடாது. அழைத்தால் நினைவகத்தின் நடுவே குடியேறி, இருக்கும் 640 கிலோபைட்டையும் துண்டாக்கிவிடும். கணினி தொடங்கும்போதே இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பிலேயே அதை ஏற்றிவைத்துவிட்டால், பிறகு டிபேஸின் ரன் கட்டளை வழியாகக் கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதும். பிரிண்டர் ஒருபக்கம் அலறிக்கொண்டிருக்க, நான் மறுபக்கம் அடுத்த மாத விடுப்புக் கணக்கை ஏற்றிக்கொண்டிருப்பேன்.

கணினியின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை செயலியை இடைமறிக்கும். பிரிண்ட் போல நினைவகத்தில் தங்கியிருக்கும் நிரல் அந்த இடைவெளியில் தன் வேலையைச் சிறிது பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். இதில் உண்மையான தடை செயலியின் வேகமன்று. டாஸ் ஒரு கோரிக்கையைச் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் இன்னொன்றைக் கொடுத்தால், முதல் வேலையின் தடம் அழிந்து கணினியே உறைந்துபோகும். டாஸ் அப்போது வேலையில் இருக்கிறதா என்பதைக் காட்டும் இன்டாஸ் என்ற குறியீட்டை மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் முறைப்படி ஆவணப்படுத்தவில்லை. நிரலாளர்கள்தாம் அதைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இதையெல்லாம் மல்டிடாஸ்கிங் (ஒரே நேரத்தில் பல வேலை) என்பதா என்று யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தை அறிந்தவர்கள் சண்டைக்கு வரக்கூடும். கட்டளையின் இறுதியில் ஓர் ஆம்பர்சண்ட் (&) குறியைப் போட்டாலே அங்கே வேலை பின்னணிக்குப் போய்விடும், நேரத்தைப் பங்கிடுவதும் இயக்குதளத்தின் மையமான கெர்னலே என்பதை நான் மறுக்கவில்லை. 1984இல் போர்லாண்ட் வெளியிட்ட சைட்கிக் என்ற குறிப்பேட்டு நிரல் திரையில் எழும்பும்போது கீழே இருந்த நிரல் பெரும்பாலும் நின்றுதான் போகும். 1991இல் டாஸ் 5.0உடன் வந்த டாஸ்ஷெல் என்ற பட்டியல் திரையும் நிரல்களை மாற்றி மாற்றி உறங்கவைத்ததே தவிரச் சேர்த்து ஓட்டவில்லை. ஆனால் 386 செயலி கொண்ட கணினியில் டெஸ்க்வியூ என்ற நிரலைப் போட்டவர்கள் பல டாஸ் நிரல்களை உண்மையாகவே ஒருங்கே ஓட்டினார்கள்.

பின்னாளில் ஒரு நேர்முகத் தேர்வில் இதே கேள்வி வந்தபோது பிரிண்ட் கட்டளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "சிங்கிள் யூசர், சிங்கிள் டாஸ்கிங்" என்ற நான்கு சொற்களுக்காகக் காத்திருந்தவர், அவை வராமற்போகவே, என் தாளில் எதையோ சுழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.