காணவில்லையா, திருடு போனதா? – குற்றக் கணக்கு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஒரே வாட்ஸ்அப் படத்தைப் பற்றியவை. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கே: ‘குற்றத்தில் தமிழ்நாடு முதலிடம்’ என்று ஒரு படம் சுற்றுகிறதே, உண்மையா? (திருச்சி, சேலம், வேலூர் வாசகர்கள்)

படத்தின் கீழே ‘2020’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை. 2019இல் தமிழ்நாட்டில் ஐ.பி.சி. (இந்தியத் தண்டனைச் சட்டம்) வழக்குகள் 1.7 லட்சம். 2020இல் ஏறத்தாழ 9 லட்சம். ஒரே வருடத்தில் ஊர் முழுக்கத் திருடர்களாகிவிடவில்லை. ஊரடங்கில் வெளியே வந்தார்கள், முகக்கவசம் போடவில்லை, கடையைத் திறந்தார்கள் என்று போட்ட வழக்குகள் அவை. அரசு உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவும் அதன் பங்காளிப் பிரிவுகளும் சேர்ந்து எண்ணிக்கையைத் தூக்கிவிட்டன. நாடு முழுக்க 188இல் மட்டும் 2019இல் 29 ஆயிரம் வழக்குகள், 2020இல் 6 லட்சத்துக்கு மேல். பால் வாங்கப் போய் லத்தியடி பட்டவரும் அந்த 9 லட்சத்தில் ஒருவராக இருக்கலாம்.

எப்போதும் சொல்வதுதான்: எந்த வருடம், எந்தச் சட்டம், எத்தனை பேருக்கு? இந்த மூன்றும் இல்லாத எண்ணை எனக்கு அனுப்பாதீர்கள்.

கே: படித்தவர்கள் நிறைந்த கேரளாவில் குற்ற விகிதம் ஏன் இவ்வளவு அதிகம்?

அங்கே புகார் கொடுத்தால் வழக்குப் பதிவாகிறது. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறுவேறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் எல்லோரும் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

கே: பெருநகரங்களில் கொல்கத்தாதான் மிகப் பாதுகாப்பானது என்கிறார்கள். சென்னை ஏன் பின்தங்கிவிட்டது?

குற்ற விகிதம் என்றால் மேலே வழக்கு, கீழே மக்கள்தொகை. கீழே இருக்கும், வகுக்கும் எண்ணைப் பாருங்கள். மாநிலங்களுக்கு அந்தந்த வருடத்தின் உத்தேச மக்கள்தொகையைப் போடும் காப்பகம், நகரங்களுக்கு இன்னும் 2011 கணக்கெடுப்பையே வைத்திருக்கிறது. சென்னைக்கு ஏறத்தாழ 87 லட்சம். அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் செய்த குற்றமும் பட்ட குற்றமும் மேலே ஏறும். அவர்களின் தலைக்கணக்கு கீழே ஏறாது. கொல்கத்தாவுக்கு 1.41 கோடி. ஹவுராவையெல்லாம் உள்ளடக்கிய பெரிய வட்டம் அது. அத்தனை பகுதியின் காவல் நிலையங்களும் மேலே உள்ள வழக்குக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு அப்புறம் தரவரிசை பேசலாம்.

கே: அந்தப் பட்டியலில் மதுரை ஏன் இல்லை?

20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் மட்டும்தான். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்.

கே: எங்கள் ஊரில் குற்றம் கூடியிருக்கிறதா? உடனே பதில் தேவை.

ஊர்ப் பெயரை எழுதவில்லை நீங்கள்.

கே: என் இருசக்கர வாகனம் திருடு போய் எட்டு மாதமாகிறது. ஸ்டேஷனில் ரசீது கொடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸில் அதை ஏற்க மறுக்கிறார்கள். என்ன செய்ய? (திருப்பூர் வாசகர்)

ரசீது என்று நீங்கள் எழுதியதுமே தெரிந்துவிட்டது. சி.எஸ்.ஆர்.தானே? இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, மாதாமாதம் எனக்கு ரத்தக் கொதிப்பும் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதில் குற்றம் பதிவாகவில்லை. புலனாய்வு தொடங்கவில்லை. ஆண்டறிக்கையில் உங்கள் வண்டி ஏறவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை உங்கள் வண்டி இன்னும் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

எனக்கே நடந்தது. ஓய்வு பெற்ற மறு வருடம், மார்க்கெட் வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் போய்விட்டது. முப்பது வருடம் குற்றப் பதிவேடுகளோடு புரண்டவன், அடையாளம் சொல்லாமல் வரிசையில் நின்றேன். ரைட்டர் (நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) மனுவை வாங்கிப் படித்தார். ‘திருடப்பட்டது’ என்று நான் எழுதியிருந்ததை விரலால் தொட்டு, “யாராவது எடுத்ததைப் பார்த்தீங்களா? பார்க்கலைன்னா காணவில்லைன்னு மாத்தி எழுதுங்க சார்” என்றார். கார்பன் வைத்த கால் தாள், ஒரு எண், ஊதா முத்திரை. “வண்டி கிடைச்சா எஃப்.ஐ.ஆர். போட்டுடலாம்.” கிடைத்தால் எனக்கு எதற்கு எஃப்.ஐ.ஆர்.? கிடைக்காததற்குத்தானே கேட்கிறேன்!

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ‘காணவில்லை’ என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் நிலையத்தின் மாதக் கணக்கு சுத்தம். நகைத் திருட்டில் ‘பில் இருக்கா, இல்லைன்னா பவுனைக் குறைச்சுப் போடுங்க’ என்பதும் இதே வித்தைதான். மேலிருந்து குற்றத்தைக் குறை என்று நெருக்கினால், கீழே இருப்பவர் குறைக்க முடிந்தது குற்றப் பதிவை மட்டும்தான். ரைட்டரைத் திட்டிப் பயனில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில் ஒரு சந்து உண்டு: மூன்று வருடத்துக்குக் குறையாமல், ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமானால் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கு டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். எட்டு மாதம் எந்தச் சந்திலும் நுழையாது.

நீங்கள் செய்ய வேண்டியது: புகாரின் சாரத்தை எழுதி, சி.எஸ்.ஆர். நகலோடு, திருப்பூர் நகரமானால் கமிஷனருக்கும் வெளியே என்றால் எஸ்.பி.க்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒப்புகையைத் தொலைக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3) பிரிவில் மனு, பிரமாணப் பத்திரத்தோடு. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்; ‘ஜெராக்ஸ் செலவு’ கொடுக்காதீர்கள். அதன்பின் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கினால்தான் இன்சூரன்ஸ் நகரும். நான் இந்த வரிசையில்தான் போனேன். தபால் போன ஒன்பதாம் நாள் அதே ரைட்டர் போன் செய்தார்.

மறுபடியும் சொல்கிறேன்: ஸ்டேஷன் படி இறங்கும் முன் கையில் உள்ள தாளில் சி.எஸ்.ஆர். எண் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: தினம் தினம் கொலைச் செய்தி. தமிழ்நாடு கொலைக்களமாகிவிட்டதா?

கொலையை மட்டும் ஓரளவு நம்பி ஒப்பிடலாம், பிணத்தைச் சி.எஸ்.ஆரில் அடக்க முடியாது. 2022இல் மாநிலத்தில் 1,690 கொலைகள், லட்சம் பேருக்கு 2.2. நாட்டின் சராசரி 2.1. அதற்கு முந்தைய வருடமும் அடுத்த வருடமும் 1,680ஐ ஒட்டித்தான். நாளுக்கு நான்கைந்து என்றால் செய்திச் சேனலுக்குப் பஞ்சம் இருக்காது. அதே 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் கிட்டத்தட்ட 17,900 பேர், கொலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பிள்ளையை இருட்டிய பின் வெளியே விடப் பயப்படும் நீங்கள், அதே பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தீர்களா?

கே: குற்றங்களால் மாநிலத்துக்கு வருடம் எத்தனை கோடி இழப்பு? கல்லூரிக் கட்டுரைக்கு ஒரே எண் வேண்டும்.

ஒரே எண் கொடுப்பவரிடம் ஏமாறாதீர்கள். எளிதாகக் கைக்கு வருவது காவல் துறைச் செலவு: சில வருடங்களாகவே 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. 7.7 கோடிப் பேருக்குப் பிரித்தால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு வருடம் 1,300 ரூபாய்க்கு மேல். நீதிமன்றம், சிறை, கம்பிக் கதவு, காமிரா, அடுக்குமாடி வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் தனி.

களவுபோன சொத்து மதிப்பு என்று அறிக்கையில் ஓர் அட்டவணை உண்டு. அதை வருடவாரியாக ஒப்பிட்டுக் கோடு போடாதீர்கள். பத்துப் பவுன் 2015இல் சுமார் 2 லட்சம். 2025இல் 9 லட்சத்தை எட்டியது. திருடன் அதே திருடன், அதே பீரோ, அதே பத்துப் பவுன். உங்கள் கட்டுரையில் மட்டும் குற்றம் நான்கு மடங்கு கூடியிருக்கும். இணைய மோசடிதான் நிஜமாகவே பாய்ந்திருக்கிறது: நாடு முழுக்க 2023இல் சுமார் 7,500 கோடி, 2024இல் 22,800 கோடி என்று உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது.

கே: ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி 3 லட்சம் வாங்கிவிட்டார்கள். நான்கு நாள் யோசித்தேன். இப்போது இணைய மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யலாமா?

இந்தக் கடிதம் வந்து சேரவே ஒரு வாரம் ஆகியிருக்கிறது! போன் செய்யுங்கள், எஃப்.ஐ.ஆரும் கேளுங்கள். ஆனால் முதல் ஓரிரு மணி நேரத்தில் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க முடியும். வீடியோ காலில் கைது செய்யும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை.

கே: 2023ஐயும் 2024ஐயும் ஒப்பிட்டு வழிப்பறி குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 304இல் சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம். முன்பு ஐ.பி.சி. 392இல் வழிப்பறியாக ஏறியவற்றில் பல இனி இங்கே ஏறலாம். 2024இன் முதல் பாதி பழைய சட்டம், அடுத்த பாதி புதியது. குழப்பாதீர்கள். 2023ஆம் ஆண்டறிக்கையே 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது, அவசரமும் இல்லை.

கே: அக்கா கணவரைக் கொன்றவன் யார் என்றே தெரியவில்லை. குற்றவாளி பிடிபட்டால்தான் நிவாரணம் கிடைக்குமா, ஐயா?

இல்லையம்மா. குற்றவாளி அடையாளம் தெரியாமல், வழக்கு விசாரணைக்கே வராமல் போனாலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ இழப்பீடு கேட்கலாம். முன்பு பழைய நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 396. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அக்காவை மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று எடுத்துப் போகட்டும். வக்கீலும் அங்கேயே இலவசமாகத் தருவார்கள். தயங்க வேண்டாம்.

கே: திருடுபோன பைக் பிடிபட்டு, ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது. வழக்கு முடிந்தால்தான் தருவார்களாமே?

யார் சொன்னது? வண்டிகளை நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தோடு கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்பு மனுப் போடுங்கள். படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு தந்துவிடுவார்கள். போவதற்குமுன் பேட்டரி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.