பிக்கார்டின் குழலை ஊத முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் கேப்டன் பிக்கார்ட் வாசிக்கும் ரெஸ்ஸிக்கன் குழலைப் போல 12 மி.மீ. உள்விட்டப் பித்தளைக் குழாயில் ஒன்று செய்திருக்கிறேன். பார்வைக்கு அச்சு அசல். ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது, அழுத்தி ஊதினால் கிறீச்சிடுகிறது. அசலின் உள் அளவுகள் கிடைத்தால் சரியாகிவிடுமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அசலின் அளவுகள் உங்களுக்கு உதவாது. அது கேமராவுக்காகச் செய்த பொருள், அதில் நாதம் வராது. 1992-இல் ஒளிபரப்பான 'தி இன்னர் லைட்' அத்தியாயத்தில் நாம் கேட்பது ஜே சட்டவே அமைத்த மெட்டு. டின் விசில் (ஆறு துளையுள்ள சிறு உலோக ஊதுகுழல்) வகைக் குழலில் தனியாக வாசித்துச் சேர்த்தார்கள். 2006-இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனதும் அந்த ஊமைக் குழல்தான். எனவே தோற்றத்தை அதிலிருந்து எடுங்கள். உள்வேலைக்கு டி சுருதி டின் விசிலைப் பாருங்கள், நம் கணக்கில் இரண்டு கட்டை.

உங்கள் குழலில் கோளாறு பெரும்பாலும் வாய்ப்பகுதியில்தான் இருக்கும். அடைப்பு மரக்கட்டையின் மேற்புறத்தைச் சீவி, ஏறக்குறைய 1 மி.மீ. உயரத்துக்குக் காற்றுவழி விடுகிறோம். அதன் கூரை குழாயின் உட்சுவரே. காற்றுவழி முடியும் இடத்தில் குழாயில் வெட்டிய திறப்பான சன்னலுக்கு அப்பாலுள்ள விளிம்பும் அதே சுவர் என்பதால், காற்று அதன் அடியில் வழுக்கிப் போய்விடுகிறது. விளிம்பை அரத்தால் வெளிப்புறம் சரிவாக ராவிக் கூராக்கி, அரை மி.மீ. அளவுக்கு உள்ளே அழுத்துங்கள். காற்றோட்டத்தை அது நடுவில் பிளக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுக்கலாம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். சன்னலின் நீளத்தை 4 மி.மீ.யில் தொடங்குங்கள். மிகக் குறுகினால் கீழ் ஸ்வரங்கள் நிற்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவும். நீண்டுவிட்டால் மேல் ஸ்தாயிக்கு மூச்சு போதாது.

விளிம்பிலிருந்து அடிமுனை வரை நீளம் 270 மி.மீ.யை ஒட்டி வரும். 280 வைத்துக்கொண்டு, ட்யூனர் செயலியைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குழல் ஊதிச் சூடான பிறகே அளக்க வேண்டும், குளிர்ந்த குழலில் சுருதி இறங்கியிருக்கும்.

ஆறு துளைகளின் இடத்தை, அதே உள்விட்டமுள்ள விசில் ஒன்றிலிருந்து குறித்துக்கொள்ளலாம். 4 மி.மீ.யில் போட்டு, அடித்துளையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கினால் சுருதி ஏறும், ஏறியதை இறக்குவது கடினம். பித்தளை ட்ரில் பிட்டைக் கவ்வி இழுத்துக் குழாயையே கிழித்துவிடும். பிட்டின் வெட்டுமுனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கி, குழாய்க்குள் மரத்தடியைச் செருகி, சென்டர் பஞ்சால் குறியிட்ட பிறகு துளையிடுங்கள். உட்புறப் பிசிறை உப்புத்தாளால் நீக்காவிட்டால் ஸ்வரம் கரகரக்கும்.

சில வகைப் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். உதடு படும் இடத்தில் உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்ற பூச்சு ஒன்று கொடுத்துவிடுங்கள்.