கடைசிப் பேருந்தைப் பாடுங்கள்

கேள்வி: நகரத்துக்கு வெளியே, அமைதியான புறநகர்க் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். மூன்று ஆண்டுகளாக ராப் எழுதிப் பாடி வருகிறேன். ஆறு பாடல்கள் கைவசம் உள்ளன. சிலவற்றை இணையத்தில் உரிமம் வாங்கிய பீட்டில் (தாளத்தோடு கூடிய பின்னணி இசையில்) பாடியிருக்கிறேன்; ஒன்றில் பழைய பாடல் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த இசைத்துணுக்கு இருக்கிறது. "கஷ்டம் பார்க்காதவனுக்கு ஹிப்-ஹாப் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?

பதில்: ஹிப்-ஹாப் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது, 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அடுத்த பதினாறு ஆண்டுகளுக்குள், அதே நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் புறநகர்களிலிருந்து பப்ளிக் எனிமி குழு, ராப் பாடகர் ரக்கீம், டி லா சோல் குழு ஆகியோர் வந்து அந்தக் கலையின் போக்கையே மாற்றினார்கள். ஆகவே நண்பர்களின் கேள்வியை மனத்தில் சுமக்க வேண்டாம். புறநகரில் கஷ்டமே இல்லை என்பதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம்தான்.

நீங்கள் கேள்வியோடு அனுப்பியிருந்த இரண்டு பாடல்களையும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். முதலாவதில் துப்பாக்கியும் கும்பலும் வருகின்றன. அவற்றை நீங்கள் கண்ணால் கண்டதில்லை என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாவதில் கடைசிப் பேருந்திலிருந்து நீங்கள் மட்டும் இறங்குகிறீர்கள். இருட்டான சாலையை நீங்கள் கடந்து முடிக்கும்வரை ஓட்டுநர் முன்விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கிறார். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். வேறு யாராலும் எழுத முடியாத வரி அது.

அந்தப் பாடலில் ஒரு குறை உண்டு: மூச்சு விட இடமில்லை. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் பதினாறு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) என்பது சுமார் 43 விநாடி. காகிதத்தில் மூச்சு விடும் இடங்களைக் கோடிட்டுக் கொண்டு, அங்கே இரண்டு அசைகளைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டுநர் காத்திருக்கும் வரிக்கு முன்னால் அரைத் தட்டு மௌனம் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். பதிவுக்குப் பெரிய ஸ்டூடியோ கட்டாயமில்லை. துணிகள் நிறைந்த அலமாரியின் முன் நின்று பாடினாலே எதிரொலி கணிசமாகக் குறையும்.

இசைத்துணுக்கு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பதிவான ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கின்றன: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. துணுக்கு எத்தனை விநாடி என்றாலும் இரு தரப்பிடமும் அனுமதி வாங்குவதே பாதுகாப்பானது. டி லா சோல் குழுவினர் 1989இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்காக வழக்கைச் சந்தித்தார்கள். இத்தகைய உரிமைச் சிக்கல்களால் அவர்களுடைய தொடக்க கால ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் சேவைகளுக்கு 2023 மார்ச் மாதத்தில்தான் வந்து சேர்ந்தன. ஒரு தலைமுறை ரசிகர்கள் அவற்றைக் கேட்காமலே வளர்ந்துவிட்டார்கள். எனவே அனுமதி கிடைக்கும்வரை அந்தப் பாடலை வெளியிடாதீர்கள்.

உரிமம் வாங்கிய பீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். மலிவான உரிமங்கள் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அதே பீட்டை வேறு பலரும் வாங்கியிருக்கலாம். எத்தனை முறை ஸ்ட்ரீம் ஆகலாம், எத்தனை ஆண்டு செல்லும், காணொளியில் பயன்படுத்தலாமா என்பவற்றை ஒப்பந்தத்தில் வரி விடாமல் படியுங்கள். உடன் பாடியவரும் பீட் அமைத்தவரும் இருந்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாடல் முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பு முறிகிறது.

வேலையை இப்போது விட வேண்டாம். மாதச் சம்பளம் இருக்கும்வரை, இசை நிறுவனங்கள் அவசரத்தில் நீட்டும் முன்பணத்தை மறுக்க உங்களால் முடியும். அந்த முன்பணம் இனாம் அல்ல, உங்கள் வருவாயிலிருந்தே முதலில் கழித்துக்கொள்ளப்படும். ஆறு பாடல்களையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல், பேருந்துப் பாடலைத் திருத்தி, அருகில் நடக்கும் திறந்த மேடைகளில் முன்பின் தெரியாதவர்கள் முன் சில முறை பாடிப் பாருங்கள். எந்த வரியில் அவர்கள் கைபேசியிலிருந்து தலை நிமிர்கிறார்கள் என்று கவனித்து, அதன் பிறகு அதையே முதல் பாடலாக வெளியிடுங்கள்.