கம்பஸ்காரருக்கு எங்கள் வயலில் என்ன வேலை?

கேள்வி: நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டியான் பூச்சியைப் பற்றி ஆராய வேண்டும், இந்தப் பெரும்போகத்துக்கு இரண்டு ஏக்கர் தாருங்கள் என்று கம்பஸிலிருந்து, அதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து, வந்து கேட்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் சேற்றில் என்ன வேலை? எங்களைக் காட்டிக் காசு எடுக்கிறார்களோ என்று இங்கே பலருக்குச் சந்தேகம்.
– விவசாய அமைப்புச் செயலாளர், வெல்லாவெளி

பதில்: சந்தேகப்படுவதில் தப்பில்லை தம்பி. எங்கள் ஊருக்கும் முன்பு ஒரு குழு வந்தது, தேத்தண்ணி குடித்துக் குடித்து மத்தியானம் வரை கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பினார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் காசுக்காக வருகிறார்கள் என்பது பெரும்பாலும் சரியில்லை. பிரித்தானியாவில் பல்கலைக்கழக ஆட்கள் ஏன் கம்பனிகளோடு சேருகிறார்கள் என்று விசாரித்து 2011இல் வந்த ஆய்வொன்றில், சொந்த ஆராய்ச்சியை முன்னே கொண்டுபோகத்தான் என்பதே முக்கிய காரணமாக இருந்தது. கட்டுரை வெளிவந்தால் பதவி உயர்வுக்கு உதவும், அது உண்மைதான், அதில் கோபிக்க ஒன்றுமில்லை.

அவர்களிடம் இல்லாதது உங்கள் வயல். கூண்டுக்குள் வளர்த்த நெல்லில் பூச்சியை விட்டு முட்டை எண்ணலாம். ஆனால் யூரியாவை அள்ளி எறிந்து, பூச்சி வருமுன்பே மருந்தடித்து, அதில் பூச்சியைத் தின்கிற சிலந்தியெல்லாம் செத்து, பிறகு அறக்கொட்டியான் பெருகி வட்டம் வட்டமாகக் கருகுகிற கதை உங்கள் வட்டையில், உங்கள் வயல்வெளியில்தான் நடக்கிறது. விடியற்காலையில் குனிந்து நெல்லின் அடியைத் தட்டி, தண்ணீரில் எத்தனை விழுகிறது என்று பார்க்கிற, வயலைப் பராமரிக்கிற முல்லைக்காரருக்கு எந்த மூலையில் முதலில் பிடிக்கும் என்று தெரியும், அதை ஆய்வுகூடத்தில் இருந்து யார் கண்டுபிடிப்பது? பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்கூட 1856இல் லீல் நகரில் நொதித்தலைத் தோண்டத் தொடங்கியது, பீட்ரூட்டில் சாராயம் வடிக்கிற ஒருவர், தன் மாணவனின் தகப்பன், சரக்கு கெட்டுப்போகிறது என்று வந்து நின்றதால்தான்.

சரி, கொடுப்பதா? கொடுங்கள், வாய்ப்பேச்சில் மட்டும் விடாதீர்கள். மருந்தடிக்காமல் விடச் சொல்கிற பகுதி கருகினால் நட்டம் யாருக்கு, அறுவடைக்குப் பிறகு எந்த மாதம் வந்து முடிவைத் தமிழில் சொல்வார்கள், இரண்டையும் எழுதி, வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டவிதானையார் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், வருகிற மாணவப் பிள்ளைகளை வரம்பிலேயே நிற்கவிடாமல் சேற்றில் இறக்கி, எங்கே தட்ட வேண்டும் என்று முல்லைக்காரரையே காட்டச் சொல்லுங்கள்.