பூனைப் பொறி: மலையில் எப்போது, எப்படி வைப்பது?

கேள்வி: கோத்தகிரி அருகே எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டிச் சிறிய விருந்தினர் விடுதி நடத்தி வருகிறேன். சமையல் மிச்சத்துக்காக வரத் தொடங்கிய பூனைகள் இப்போது பத்துக்கு மேல் ஆகிவிட்டன. கிட்டே போனாலே சீறுகின்றன. சாக்கில் பிடித்துச் சோலைக்காட்டுக்குள் விட்டுவிடலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கருத்தடை செய்வதென்றால் இவற்றை எப்படிப் பிடிப்பது?

பதில்: சாக்கு யோசனையை ஒதுக்கிவிடுங்கள். தீனி கிடைக்கும் இடத்திலிருந்து பத்துப் பூனையை அகற்றினால், அடுத்த லைனிலிருந்து வேறு பூனைகள் அங்கே குடியேறும். சோலையில் விடப்படும் பூனையோ, புதர்களில் தாழக் கூடு கட்டும் நீலகிரிச் சிரிப்பான் போன்ற பறவைகளைத் தின்னும். பூனை இனத்தைத் தாக்கும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் போன்றவற்றைக் காட்டில் வாழும் சிறுத்தைப்பூனைக்கும் காட்டுப்பூனைக்கும் கொண்டுசெல்லவும் கூடும். கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே தீனி வைக்கும் இடம் சோலை ஓரத்தில் இல்லாமல், கட்டடங்களை ஒட்டியே இருக்கட்டும்.

பொறி வாங்குவதற்கு முன்பே அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள். பிடித்த பிறகு மருத்துவர் விடுப்பில் இருப்பது தெரிந்து பூனையைத் திறந்துவிட்டால், அது மறுபடி பொறிப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அரசு கால்நடை மருத்துவமனையிலோ, நீலகிரியில் இயங்கும் விலங்கு நலத் தொண்டு நிறுவனங்களிலோ, தொட முடியாத பூனைக்குக் கருத்தடை செய்கிறார்களா, ஒரே நாளில் எத்தனை எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். தையல் பிரிக்கத் திரும்பப் பிடிக்க முடியாதாகையால், தானே கரையும் நூலால் உள்தையல் போடச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசி போட்டு, இடது காதின் நுனியைச் சுமார் ஒரு செ.மீ. அளவுக்கு நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். மீண்டும் அதே பூனையைப் பிடித்து வயிற்றைக் கீறாமல் காப்பது அந்த அடையாளம்தான்.

எலிப்பொறி போதாது. ஏறத்தாழ 75 முதல் 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகல உயரமும் கொண்ட, மிதிப்பலகையை மிதித்தால் கதவு விழும் கம்பிக் கூண்டு தேவை. மலைச்சரிவில் பலரும் கவனிக்காத ஒன்று, கூண்டின் ஆட்டம். முன்னங்கால் வைத்தவுடன் கூண்டு சற்றே அசைந்தால் பூனை பின்வாங்கிவிடும். அடியில் செங்கல்லோ பலகையோ கொடுத்துச் சமன் செய்து, சுவரோரமாக வையுங்கள். உள்ளே செய்தித்தாளை மடித்து விரித்து, காற்றில் படபடக்காதபடி ஓரங்களைக் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

முதல் பத்து நாட்களுக்குக் கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிவைத்து, தினமும் ஒரே நேரத்தில் தீனியை அதிலேயே வையுங்கள். முதலில் வாசலருகே வைத்து, பிறகு தட்டைச் சிறிது சிறிதாக உட்பக்கம் நகர்த்துங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது: நீங்கள் நிறுத்தினாலும் லைன் வீட்டில் யாரோ ஒருவர் மீன் தலையை வீசுவார். எல்லா வீட்டிலும் சொல்லிவிடுங்கள். மத்தியோ நெத்திலிக் கருவாடோ மிதிப்பலகைக்கு அப்பால் கடைக்கோடியில் ஒரு துளி இருந்தால் போதும். மயக்க மருந்துக்கு முன் பெரிய பூனையின் வயிறு நிறைந்திருக்கக் கூடாது. குட்டிகளை மட்டும் அப்படிப் பட்டினி போடலாகாது. அவற்றின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் முன்பு தீனியை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சமவெளியில் இரவு முழுவதும் பொறி வைத்திருப்பவர்கள் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. கருவாட்டு வாடைக்குக் கரடி வரலாம். கூண்டில் அடைபட்ட பூனை சிறுத்தைக்கு எளிய இரை. நண்பகலில் வைத்தால் குரங்கு கதவைத் தட்டிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்து, தூரத்தில் இருந்து கண்காணித்து, இருட்டியதும் எடுத்துவிடுங்கள். கதவு விழுந்தவுடன் கூண்டைக் கனத்த துணியால் முழுவதும் மூடுங்கள். கம்பியில் மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டில் சில நொடிகளில் அடங்கும். விரலை உள்ளே விடாதீர்கள், வேறு பெட்டிக்கு மாற்ற முயலாதீர்கள்.

மாட்டியது பூனைதானா என்றும் பாருங்கள். மரநாயோ, உடலெங்கும் புள்ளியுள்ள சிறுத்தைப்பூனையோ, கால் நீண்டு, குட்டை வாலின் நுனியில் கருவளையம் உள்ள காட்டுப்பூனையோ வந்திருந்தால், பின்னால் நின்று கதவைத் திறந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்குப் பொருந்தும். தேயிலைச் செடிகளுக்கடியில் கிடக்கும் குட்டிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்த பிறகே தொட வேண்டும்.

இரவில் கூண்டைக் குளிர்காற்று வீசாத அறையில், சிமெண்டுத் தரையில் நேரடியாக அல்லாமல் பலகை மேல் வையுங்கள். கரி கணப்பு வேண்டாம். மூடிய அறையில் அதன் புகை பூனையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். காலையில் ஜீப்பில் கூண்டைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் சரியும் கூண்டின் கதவு திறந்துகொள்வதுண்டு.

மயக்கத்திலிருந்து எழும் பூனையால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. மயிர் மழித்த பெட்டைக்கு டிசம்பர், ஜனவரியின் உறைபனி ஆபத்தானது. வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிக் கூண்டை ஒட்டி வெளியே வையுங்கள். நன்றாகத் தெளிந்த பிறகே சிறிது தீனி கொடுங்கள். வலிக்கென்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. கடுவனை ஓரிரவும், பெட்டையைக் குளிர்காலத்தில் இரண்டு இரவும் வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு பிடித்த இடத்திலேயே விடுங்கள். கடுவன் அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் வரை பெட்டையைக் கருவுறச் செய்யக்கூடும்.

வரிசையில் பெட்டைகளே முதலில். கர்ப்பம் சுமார் 63 நாட்கள்தான்; பாலூட்டும்போதே மீண்டும் சினைக்கு வரும்; நான்கைந்து மாதக் குட்டியே சினையாகிவிடக்கூடும். ஆனால் காம்பு பெருத்துச் சுற்றிலும் மயிர் உதிர்ந்திருந்தால், எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன என்று பொருள். அவை மிகச் சிறியவை என்றால் தாயை அப்போதே விட்டுவிட்டு, குட்டிகள் தீனி தின்னத் தொடங்கியதும் பிடியுங்கள். ஆறேழு வாரத்துக்குள் கிடைக்கும் குட்டிகள் மனிதரோடு பழகிவிடும். அவற்றுக்கு வீடு தேடுவதே மேல்.

கடி பட்டாலோ கீறல் விழுந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மீண்டும் பொறிக்கு வராத பூனைக்கு, ஒருபக்கம் குச்சியால் தூக்கி நிறுத்தி, தொலைவிலிருந்து கயிற்றை இழுத்தால் மேலிருந்து விழும் அடியில்லாக் கூண்டைச் செய்துகொள்ளலாம். உள்ளே நுழைகிறோம் என்ற உணர்வே அதற்கு எழாது. எல்லாம் முடிந்த பிறகும் தீனி நேரத்தில் காதுகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முழுக் காதோடு புதிதாய் ஒன்று வந்து நின்றால், அதற்கு மட்டும் தேதி வாங்கினால் போதும்.